கடைக்காரர் காசைத் தின்னும் 'சோக்'

காலை 11 மணி. தி.நகர் ரங்கநாதன் தெரு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடைக்குள் நுழைந்தால் வரிசை வரிசையாக விளக்குகள், பட்டப்பகலில்! பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவுக்குப் போனாலும் இதே காட்சிதான்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. சந்து குறுகல். எதிர்க்கட்டிடம் வெளிச்சத்தை மறைக்கிறது. கடையோ ரெயில் பெட்டி மாதிரி நீளம். விளக்கு போடாவிட்டால் பின்பக்க அலமாரியில் என்ன இருக்கிறது என்று கடைப் பையனுக்கே தெரியாது.

"லைட்டை அணைச்சா கடை லீவுன்னு நெனச்சு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சார்!" என்பது கடைவீதிகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. அதுவும் நியாயம்தான்.

ஆகவே விளக்கு எரியத்தான் வேண்டும். என்ன விளக்கு எரிகிறது என்பதில்தான் காசு கரைகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016-ம் ஆண்டு முதல் 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. யூனிட் விலையும் கடைக்குத் தனி.

கறுப்புக் கட்டி

பல பழைய கடைகளில் இன்னும் குண்டு 'டியூப் லைட்'டைப் பார்க்கலாம். 4 அடி நீளம், 40 வாட். ஆனால் மீட்டரில் ஓடுவது 40 வாட் அல்ல. பட்டிக்குள் கனமாக ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் 'சோக்'. இரும்புத் தகட்டின் மேல் கம்பி சுற்றிய சாதனம். அது தன் பங்குக்கு 12 முதல் 15 வாட் வரை இழுக்கிறது. ஒரு பொட்டு வெளிச்சம் தராது. தொட்டால் சுடும். வயதாகிவிட்டால் 'உய்ங்' என்று முனகும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு கடையில் இப்படி 20 விளக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 55 வாட். மொத்தம் 1,100 வாட். காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை எரிந்தால் நாளைக்கு 13 யூனிட்டுக்குச் சற்று மேல். 2 மாதத்துக்கு 792 யூனிட். கணக்குக்குச் சுலபமாக யூனிட் 10 ரூபாய் என்று போட்டால் 7,920 ரூபாய். இதில் 'சோக்' மட்டும் தின்றது 216 யூனிட். அதாவது 2,160 ரூபாய்! வெளிச்சமே இல்லாத பொருளுக்கு.

அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டி போட்டால் 2 மாதத்துக்கு 288 யூனிட்தான். மிச்சம் 504 யூனிட். 5,040 ரூபாய். ஒரு பட்டி 300 ரூபாய் என்றாலும் 20 பட்டிக்கு 6,000. எலக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்தால்கூட அடுத்த தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 3, 4 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

குண்டு பல்பு போய் டியூப் வந்தது. குண்டு டியூப் போய் 36 வாட், 28 வாட் ஒல்லி டியூப் வந்தது. எலக்ட்ரானிக் 'சோக்' வந்தது. சுருள் சுருளாக சி.எப்.எல். வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஓரம் கட்டியது எல்.இ.டி. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த 3 விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது. நீலம் கிடைத்த பிறகுதான் வெள்ளை வெளிச்சம் சாத்தியமானது. மத்திய அரசு 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கி மொத்தமாக வாங்கியதில் விலையும் மளமளவென்று சரிந்தது. 2014-ல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் ஆன பல்பு, 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது.

2012-ல் சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வெளி மாவட்டங்களில் அதைவிட மோசம். இன்வெர்ட்டர் வைத்த கடைக்காரர்களுக்கு இந்த வாட் கணக்கு அப்போதே புரிந்துவிட்டது. பாதி வாட் விளக்கு போட்டால் பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்குமே!

சேலைக் கடை

இவ்வளவு லாபம் என்றால் ஏன் எல்லோரும் மாற்றவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஜவுளிக்கடையில் ஒரு அம்மாள் சேலை எடுக்கிறார். மாம்பழ மஞ்சள். பிடித்துப் போகிறது. ஆனாலும் பில் போடுமுன் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிரித்துப் பார்க்கிறார். "உள்ளே ஒரு கலரு, வெளியே ஒரு கலரு" என்று திரும்பக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கடைக்காரருக்கு வயிறு எரியுமா, எரியாதா?

விளக்குகளுக்கு 'நிறம் காட்டும் மதிப்பு' என்று ஒன்று உண்டு. உச்சம் 100. பழைய குண்டு பல்பும் ஹாலோஜனும் கிட்டத்தட்ட 100. சாதாரண எல்.இ.டி. 80 சுற்று வட்டாரம். துணியின் சிவப்பும் அரக்கும் அதில் சற்று வெளிறிப் போகும். 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட. மலிவான பட்டியை மாட்டிவிட்டு வியாபாரம் குறைந்தவர்கள்தான் "எல்.இ.டி. நமக்கு ஒத்து வராதுப்பா" என்று கதை பரப்புவது. நகைக்கடையில் இன்னும் நுணுக்கம் அதிகம். தங்கத்துக்கு மஞ்சள் கலந்த வெளிச்சம், வைரத்துக்கு வெண்மையான வெளிச்சம். இரண்டுக்கும் ஒரே விளக்கு என்றால் ஒன்று மங்கித்தான் போகும்.

இன்னொரு செலவு கண்ணில் படாதது. ஷோகேசில் 50 வாட் ஹாலோஜன் நூறு மாட்டியிருந்தால் 5 கிலோவாட் சூடு கடைக்குள்ளேயே இறங்குகிறது. அதை வெளியே தள்ள ஏறக்குறைய ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று தனியாக ஓட வேண்டும். விளக்குக்கும் பணம், விளக்கின் சூட்டுக்கும் பணம்! அதே இடத்தில் 7 வாட் எல்.இ.டி. என்றால் சூடு 700 வாட்டோடு முடிந்தது.

வாடகை

பெரிய முட்டுக்கட்டை வாடகைதான். வயரிங்கும் பட்டியும் கட்டிட உரிமையாளருடையவை. கரண்ட் பில் கட்டுவது வாடகைக்கு இருப்பவர். 11 மாத ஒப்பந்தம். "நான் மாத்தி வெச்சா, காலி பண்ணும்போது கழட்டிக்கிட்டா போக முடியும்?" என்பது வாடகைக்காரர் கேள்வி. "பில் அவர் கட்டறார், எனக்கென்ன?" என்பது உரிமையாளர் நினைப்பு. நடுவில் 'சோக்' நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கிறது. முதல் 3, 4 மாத மிச்சத்திலேயே செலவு கழிந்துவிடும் என்பதால் 11 மாத வாடகைக்காரருக்கும் இது லாபம்தான். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரே சுவிட்ச்

ஆபீஸ்களில் கதை வேறு. ஹால் முழுவதற்கும் ஒரே சுவிட்ச். சாயங்காலம் ஒரு கிளார்க் பாக்கி வேலை பார்க்க உட்கார்ந்தால் 40 விளக்கும் எரியும். ஜன்னலோர வரிசையில் பகலில் விளக்கே தேவையில்லை, ஆனால் தனியாக அணைக்க வழி இல்லை. ஜன்னலுக்கு இணையாக வரிசை வரிசையாகப் பிரித்து சுவிட்ச் வைத்தால் போதும். எழுதும் மேஜைக்கு 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். நடைவழிக்கு 100 போதும். பல ஆபீஸ்களில் நடைவழி ஜொலிக்கிறது, கிளார்க் தலைக்கு மேலே மட்டும் ஒரு டியூப் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய 'சோக்' டியூப் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, தலைவலியாகத் தெரியலாம். மட்டமான எல்.இ.டி.யும் இப்படி மினுக்கும்.

2007-ல் மத்திய அரசு வணிகக் கட்டிடங்களுக்கென்று மின்சிக்கன விதித்தொகுப்பு கொண்டுவந்தது. 2017-ல் அதைத் திருத்தியது. ஆனால் அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் பளு உள்ள பெரிய புதுக் கட்டிடங்களைக் குறிவைத்தது. சந்துக் கடைக்காரர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கும்போது

நடைபாதையில் குவித்து விற்கும் பெயர் தெரியாத பட்டிகள் ஆறு மாதத்தில் கண்ணை மூடும். அட்டைப் பெட்டியில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியாரண்டி தேதி போட்டு பில் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதில்லை. ஒரு வரிசையை மட்டும் மாற்றி, அடுத்த பில்லைப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடலாம். மாற்றுமுன் பழைய பட்டிகளை ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பதும் நல்லது. மெயினை நிறுத்திவிட்டுத்தான்! தூசு போனாலே வெளிச்சம் கூடுவது தெரியும்.

பழைய பட்டியிலேயே எல்.இ.டி. குழாயை மாட்டினால் 'சோக்', ஸ்டார்ட்டர் இரண்டையும் கழற்றி வயரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். சில குழாய்களில் ஒரே முனையில் கரண்ட் வரும். வயரிங் தெரியாமல் கை வைத்தால் ஷாக்! ஆகவே கடைப் பையனை ஸ்டூலில் ஏற்றிவிடாமல், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

கழற்றிய டியூப்களைக் குப்பைத்தொட்டியில் போட்டு உடைக்கக் கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் இந்த டியூப்களும் சி.எப்.எல்.லும் சேர்க்கப்பட்டன. உடையாமல் அட்டையில் சுற்றி, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். இரும்பும் கம்பியுமான 'சோக்'குக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். இத்தனை வருடம் தின்றதில் ஒரு டீக்காசாவது திரும்ப வரும்.