செவிலிய மாணவர்களின் உடல்நலத் தன்மதிப்பீடு

செவிலிய மாணவர்களின் உடல்நலத் தன்மதிப்பீடு என்பது செவிலியம் பயிலும் மாணவ மாணவியர் தமது உடல்நலத்தையும் மனநலத்தையும் தாமே எவ்வாறு கணிக்கின்றனர் என்பதைக் குறிக்கும். இது மருத்துவர் சோதித்துக் கூறும் நிலையிலிருந்து வேறுபட்டது. நோயற்ற ஒருவர் தம்மை நலமற்றவராகக் கருதலாம். நோயுள்ள ஒருவர் தாம் நலமாக இருப்பதாகக் கூறலாம். பிறர் நலத்தைக் கணிக்கவே பயிற்சி பெறுவோர் என்பதால், செவிலிய மாணவர்களிடம் இவ்வேறுபாடு தனிக் கவனம் பெறுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களின் சூழல் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அளவிடும் முறை

உலக சுகாதார அமைப்பின் சாசனம் 1946-இல் ஏற்கப்பட்டு, 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்று நிலைகளிலும் நிறைவாக இருத்தல் என்று அது வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி நலத்தை அறிய, சம்பந்தப்பட்டவரையே கேட்பதும் தேவையாகிறது.

இதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி பயன்படுகிறது: பொதுவாக உங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது? மிக நன்று முதல் மிக மோசம் வரையான ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிய கேள்வியாயினும் இதன் விடை பொருளற்றதன்று. கனடாவின் மானிட்டோபா மாநில முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1982-இல் வெளியானது. தம் நலம் மோசம் என்றவர்கள், மிகச் சிறப்பு என்றவர்களைக் காட்டிலும் விரைவில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று அது கண்டது. 1997-இல் வெளியான 27 ஆய்வுகளின் தொகுப்பாய்வும் பெரும்பாலும் இதே முடிவை எட்டியது.

தமிழில் இக்கேள்வியைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. நலம் விசாரிக்கும்போது "பரவாயில்லை" என்று விடையளிப்பது வழக்கம். நலமாக இருப்பவரும், நோயிலிருந்து தேறி வருபவரும், துன்பத்தை வெளிக்காட்ட விரும்பாதவரும் இச்சொல்லையே பயன்படுத்துவர். ஆதலால் விடைச்சொற்களை மொழிபெயர்ப்பதில் கவனம் தேவைப்படுகிறது.

அறிவும் பழக்கமும்

தன்மதிப்பீட்டின் முதன்மையான குறைபாட்டைப் பொருளியலாளர் அமர்த்தியா சென் 2002-இல் எழுதிய கட்டுரையொன்றில் சுட்டிக்காட்டினார். இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் மிகுந்திருந்த கேரளத்தில் தமக்கு நோய் உள்ளதாகக் கூறுவோர் மிகுதியாகவும், ஆயுட்காலம் குறைந்த பீகாரில் அவ்வாறு கூறுவோர் குறைவாகவும் இருந்தனர். கல்வியும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில் நோய் நோயாக உணரப்படுகிறது; அவை இல்லாத இடத்தில் அது வாழ்வின் இயல்பாக ஏற்கப்படுகிறது.

செவிலிய மாணவரிடம் இவ்விரு போக்குகளும் ஒருங்கே காணப்படக்கூடும். நோய்க்குறிகளைப் பயிலும்போது அவை தம்மிடமும் இருப்பதாக ஐயுறுவது மருத்துவ மாணவரிடையே நன்கு அறியப்பட்ட நிலையாகும். செவிலியம் பயில்வோருக்கும் இது பொருந்தும். மறுபுறம், கடும் நோயாளிகளை நாள்தோறும் காண்பவர் தமது தலைவலியையும் களைப்பையும் பொருட்படுத்தாதிருக்கலாம். எனவே ஒரே மாணவர் இல்லாத நோயை அஞ்சவும், இருக்கும் குறையைக் கவனியாது விடவும் கூடும்.

வட்டாரப் பின்னணி

ஒருவர் தம் நலத்தைத் தம்மைச் சூழ்ந்தோரின் நலத்தோடு ஒப்பிட்டே கணிக்கிறார். ஆகவே ஊரின் தொழிலும் வாழ்க்கைமுறையும் இதில் இடம்பெறுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரை–தென்காசி சாலையில் அடுத்தடுத்து அமைந்த நகரங்கள் இவை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்றது. இராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது.

முறைப்பணியும் இரவு வேலையும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பழகியவை. அத்தகைய வீட்டிலிருந்து வரும் மாணவிக்குக் களைப்பு என்பது உழைப்பின் இயல்பான பகுதியாகவே தோன்றலாம்.

செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்

தமிழ்நாட்டில் செவிலியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகளும், பட்டயப்படிப்பு மூன்று ஆண்டுகளும் கொண்டவை. வகுப்புடன் மருத்துவமனைப் பயிற்சியும் இவற்றில் கட்டாயமாகும். மாணவர் நலத்தைப் பாதிக்கும் முக்கிய காரணிகள் வருமாறு:

• உறக்கம்: இரவுப் பணியும் தேர்வுப் படிப்பும் உறக்க நேரத்தைக் குறைக்கின்றன.
• உணவு: காலைப் பணிக்கு விரைவோர் காலை உணவைத் தவிர்ப்பதுண்டு.
• தொற்று இடர்: பயன்படுத்திய ஊசி குத்துவதால் கல்லீரல் அழற்சி பி, எச்.ஐ.வி. முதலியவை பரவக்கூடும். முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு.
• உடலுழைப்பு: நோயாளியைத் தூக்குதலும் நெடுநேரம் நிற்றலும் முதுகுவலிக்குக் காரணமாகின்றன.
• மனச்சுமை: முதல் மரணத்தைக் காணுதல், தவறு நேருமோ என்ற அச்சம், வீட்டைப் பிரிந்த விடுதி வாழ்க்கை, கல்விச் செலவு ஆகியவை இதில் அடங்கும்.

எடுத்துக்காட்டு: இரத்தசோகை

தன்மதிப்பீட்டுக்கும் உண்மை நிலைக்கும் உள்ள இடைவெளியை இரத்தசோகை தெளிவாகக் காட்டுகிறது. 2019–21 ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. செவிலிய மாணவியர் இவ்வயதுப் பிரிவினரே. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை எனப்படும். குறைவு மெல்ல ஏற்படும்போது உடல் அதற்குப் பழகிவிடுகிறது. எஞ்சும் சோர்வு பணிச்சுமையால் வந்ததாகவே கருதப்படுகிறது. கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரையின் தேவையை விளக்கும் மாணவி, தம் குருதியின் நிலையை அறியாமலே இருக்கக்கூடும்.

பயன்பாடு

தன்மதிப்பீடு ஆய்வகச் சோதனைக்கு மாற்றாகாது. சோதனையும் தன்மதிப்பீட்டுக்கு மாற்றாகாது. நலமாக இருப்பதாகக் கூறும் மாணவியிடம் ஹீமோகுளோபின் குறைவு காணப்பட்டால், குறையை அவர் உணரவில்லை எனலாம். சோதனைகள் சரியாக இருந்தும் நலமில்லை என்பவரிடம் உறக்கம், மனச்சுமை முதலியவற்றை வினவ வேண்டியிருக்கும். மனநல உதவிக்கு இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் மாணவர்களும் அழைக்கலாம்.

கல்லூரிகளில் ஆண்டுதோறும் இவ்விரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால், சேர்ந்த நாள் முதல் படிப்பு முடியும் வரை ஒரு மாணவரின் நலம் எவ்வாறு மாறியது என்பதை அறிய இயலும். மாணவப் பருவத்தில் சோர்வை இயல்பெனக் கொள்ளப் பழகியவர், பின்னர் நோயாளி கூறும் சோர்வையும் அவ்வாறே எடுத்துக்கொள்ளும் வாய்ப்புண்டு. ஆகையால் இது மாணவர் நலத்தோடு நில்லாமல் நோயாளிகளின் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.