எண்ணெய் போட முடியாத அச்சு

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். கிரீச்சென்ற ஓசை நின்றுவிடும். மாடுகளுக்கும் இழுப்பது எளிதாகும். சுழலும் தண்டைத் தாங்குகின்ற 'பேரிங்' எனப்படும் தாங்கிகளுக்கெல்லாம் பெரும்பாலும் இதே வைத்தியந்தான். எண்ணெய் மெல்லிய படலமாக இடையே நின்று, இரண்டு பரப்புகளும் நேரடியாக உரசாமல் தடுக்கிறது.

ஆனால் வாணலியில் எண்ணெயை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் என்ன ஆகும்? நீர்த்துப் புகைந்து, கடைசியில் கரியாகிவிடும். இயந்திர எண்ணெயின் கதியும் அதுவே. அப்படியானால், நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் சுழலும் தண்டுக்கு என்ன செய்வது?

அத்தகைய தண்டு நமக்கு அருகிலேயே இருக்கிறது. கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மாமல்லபுரத்தைக் கடந்து சென்றால் கல்பாக்கம். அங்குள்ள சோதனை வேக ஈனுலையில் 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக அணுப்பிளவுத் தொடர்வினை நிலைபெற்றது. அதன் அனுபவத்தைக் கொண்டு 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலையும் அங்கே கட்டப்பட்டது. இவ்வுலைகளில் வெப்பத்தை ஏந்திச் செல்வது தண்ணீர் அன்று, உருகிய சோடியம். அது 98 டிகிரி செல்சியசில் உருகி, 883 டிகிரியில்தான் கொதிக்கிறது. முன்மாதிரி உலையில் சோடியம் ஏறத்தாழ 400 டிகிரியில் எரிபொருளிடையே நுழைந்து, 550 டிகிரியில் வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றோட்டத்தில் வைக்கும் பம்பின் மோட்டார் மேலே இருக்கிறது. நீண்ட தண்டின் கீழ்த் தாங்கியோ சோடியத்திலேயே மூழ்கியிருக்கிறது.

அங்கே எண்ணெய்க்கு இடமே இல்லை. 1991-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டவுன்ரே ஈனுலையில், பம்பின் மேல் தாங்கியிலிருந்து எண்ணெய் சோடியத்தினுள் கசிந்தது. அதனால் உலையையே நீண்ட காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

திண்மமும் வழுக்கும்

எண்ணெய்க்கு மாற்றாகத் திண்மப் பூச்சுகள் உள்ளன. பென்சிலின் கரியை விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுக்கும். அதிலுள்ள கிராஃபைட்டின் அணுக்கள் சீட்டுக்கட்டைப் போல அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்குகள் ஒன்றின்மீது ஒன்று எளிதில் நகர்கின்றன. மாலிப்டினம் டைசல்ஃபைடும் இவ்வகையே. ஆயினும் காற்றில் 400 டிகிரியை நெருங்கும்போது அது ஆக்சிஜனுடன் சேர்ந்து கெட்டுவிடுகிறது. இன்னும் மிகுந்த வெப்பத்துக்கு அமெரிக்காவின் நாசா ஒரு கலவைப் பூச்சை உருவாக்கியது. அதில் தேய்மானத்தைத் தாங்க நிக்கல், குரோமியமும் குரோமியம் ஆக்சைடும். குறைந்த வெப்பத்தில் வழுக்க வெள்ளி. மிகுந்த வெப்பத்தில் வழுக்க பேரியம், கால்சியம் ஃபுளூரைடுகள். வெள்ளியின் வேலை முடியும் இடத்தில் ஃபுளூரைடுகள் மென்மையாகி வேலையை ஏற்றுக்கொள்கின்றன.

சோடியத்தில் வேறு சிக்கல்

காற்றிலிருக்கும் எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று எப்போதும் படர்ந்திருக்கிறது. இரண்டு எஃகுத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. சூடான சோடியம் அந்தத் தோலை அழித்துவிடுகிறது. வெறும் உலோகமும் வெறும் உலோகமும் அழுந்தினால், பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும், அசைத்தால் பிய்ந்துவரும்.

பம்பு ஓடும்போது கவலையில்லை. அழுத்தத்துடன் செலுத்தப்படும் சோடியமே படலமாக நின்று தண்டைத் தாங்குகிறது. எண்ணெயின் வேலையைச் சோடியமே செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் பம்பு தொடங்கும்போதும் நிற்கும்போதும் அழுத்தம் குறைவு. அப்போது பரப்புகள் தொட்டுக்கொள்ளக்கூடும். ஆகவே அவற்றின்மேல் கடினமான உலோகக் கலவையைப் பூசுகிறார்கள். இது வழுக்குவதற்கான பூச்சு அன்று. ஒட்டாமலும் தேயாமலும் இருப்பதற்கான பூச்சு.

இதற்கு உலகெங்கும் பெயர்பெற்றது ஸ்டெல்லைட் என்னும் கோபால்ட் கலவை. கல்பாக்கத்து முன்மாதிரி உலைக்கோ கோல்மனாய் என்னும் நிக்கல் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன்?

கோபால்ட் அணு ஒரு நியூட்ரானை விழுங்கினால் கோபால்ட்-60 ஆகிறது. அது ஊடுருவும் காமாக் கதிர்களை வீசும். தேய்ந்த துகள்கள் சோடியத்துடன் சுற்றிவந்து குழாய்களிலும் பம்பிலும் படியலாம். பின்னொரு நாள் அந்தப் பம்பை வெளியே எடுத்துப் பழுதுபார்ப்பவர் அக்கதிர்களின் முன்னே நிற்க வேண்டியிருக்கும். உலையை நிறுத்திச் சில நாட்கள் காத்திருந்தாலும் பயனில்லை. கோபால்ட்-60 பாதியாகக் குறையவே 5.27 ஆண்டுகள் ஆகின்றன. கால்பங்காகக் குறைய 10 ஆண்டுகளுக்கு மேல்.

நிக்கல் கலவையும் எளிதில் வசப்படுவதன்று. உருக்கிப் படியவைக்கும்போது அடியிலுள்ள எஃகு மிகுதியாகக் கலந்தால் கடினத்தன்மை குறையும். ஆகவே கலப்பு குறைவாக நிகழும் பிளாஸ்மா வில் முறையைக் கையாண்டார்கள். விரைவாகக் குளிர்ந்தால் பூச்சு வெடிக்கும். எனவே முன்கூட்டியே சூடேற்றி, பின்னர் மெல்லக் குளிர்விக்க வேண்டும்.

இத்தனை சிரமமும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பூச்சுக்காகத்தான். பம்பு சிக்கலின்றிச் சுழல்வதும், அதைப் பழுதுபார்க்கும் தொழிலாளி மீது படும் கதிர்வீச்சு குறைவதும் அதைப் பொறுத்தே இருக்கின்றன.