பயிற்றுநர் மாற்ற ஊகங்கள்

பயிற்றுநர் மாற்ற ஊகம் என்பது விளையாட்டு அணியொன்றின் பயிற்றுநர் விலகுவார், நீக்கப்படுவார் அல்லது புதிதாக அமர்த்தப்படுவார் என, முறையான அறிவிப்புக்கு முன்னர் பரவும் உறுதிசெய்யப்படாத செய்தியைக் குறிக்கும். பேச்சுவார்த்தைகள் மறைவாக நடைபெறுவதே இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். ஒப்பந்தம் முடிவாகும் முன் உண்மையைக் கூறுவது வீரர்களின் நம்பிக்கையைக் குலைக்கும் என்பதால் மறுப்பு வெளியிடப்படுவது உண்டு. எனவே மறுப்பை மட்டும் கொண்டு ஊகத்தைப் பொய் எனக் கொள்ள இயலாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு

மயாமி டால்பின்சு தொழில்முறை அணியின் பயிற்றுநராக இருந்த நிக் சேபன், தாம் அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கக் காற்பந்து அணிக்குச் செல்லப்போவதில்லை என 2006 டிசம்பர் 21 அன்று கூறினார். 2007 சனவரி 3 அன்று அப்பொறுப்பை ஏற்றார்.

இந்தியா

அனில் கும்ப்ளே 2016 சூனில் இந்தியத் துடுப்பாட்ட அணியின் தலைமைப் பயிற்றுநராக ஓராண்டுக்கு அமர்த்தப்பட்டார். 2017 மே 25 அன்று துடுப்பாட்ட வாரியம் அப்பதவிக்கு விண்ணப்பம் கோரியது. அணித்தலைவர் விராட் கோலிக்கும் அவருக்கும் பிணக்கு எனச் செய்தி பரவியது. கோலி அதனை மறுத்தார். வாகையாளர் கிண்ண இறுதியாட்டத்தில் பாக்கித்தானிடம் தோற்ற இரண்டாம் நாளான சூன் 20 அன்று கும்ப்ளே விலகினார். தம் பயிற்சி முறையில் அணித்தலைவருக்கு உடன்பாடில்லை எனத் தமக்குத் தெரிவிக்கப்பட்டதாக அவர் தமது அறிக்கையில் குறிப்பிட்டார். சூலை 11 அன்று ரவி சாத்திரி அமர்த்தப்பட்டதாகச் செய்தி வெளியானது. வாரியம் முதலில் மறுத்தது; அன்றிரவே அவரது நியமனத்தை அறிவித்தது.