விலை முதலில், சர்க்யூட் பிறகு!

"விலை இவ்வளவுதான், இதற்குள் ஒரு சர்க்யூட் போட்டுக் கொடு" என்று யாராவது நம்மிடம் கேட்டால் என்ன செய்வோம்? ப்ராஜெக்ட் சமயத்தில் நாம் செய்வது தலைகீழ். முதலில் சர்க்யூட்டை வரைந்து, பார்ட்ஸ் லிஸ்ட்டோடு கடைக்குப் போய், பில்லைப் பார்த்த பிறகுதான் மயக்கம் போடுகிறோம். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் இருக்கும் நின்டெண்டோ கம்பெனியில் 1980-களின் தொடக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. வீட்டு டி.வி.யில் மாட்டி, கேசட்டை மாற்றி மாற்றி விளையாடும் ஒரு பெட்டி வேண்டும், விலை மற்றவர்கள் நெருங்க முடியாதபடி குறைவாக இருக்க வேண்டும் என்றார் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி. அதைச் செய்து காட்ட வேண்டிய பொறுப்பு மசாயுகி உயெமுரா என்ற எஞ்சினியர் தலையில் விழுந்தது.

அப்படிப் பிறந்ததுதான் 'ஃபேமிகாம்'. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளிவந்தது. விலை 14,800 யென். அதே நாளில் சேகா கம்பெனியும் எஸ்.ஜி.-1000 என்ற பெட்டியை 15,000 யென்னுக்கு இறக்கியது. வித்தியாசம் வெறும் 200 யென்தான். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் கதையே வேறு. சேகா பெட்டியில் இருந்தது இஸட்-80 வகை பிராசசர், கடையில் கிடைக்கும் சிப்புகள். உயெமுரா தனக்கென்றே இரண்டு சிப்புகளைச் செய்ய வைத்தார்.

அவற்றைச் செய்தது ரிக்கோ கம்பெனி. தனி சிப் என்றால் விலை ஏறுமே என்று நாம் நினைப்போம். கொஞ்சம் செய்தால் ஏறும், நிறையச் செய்தால் இறங்கும். இரண்டு வருடத்தில் 30 இலட்சம் சிப் வாங்கிக்கொள்கிறோம் என்று யமாவுச்சி வாக்குக் கொடுத்தார். ஒரு பெட்டிகூட விற்காத நேரத்தில் 30 இலட்சம்! எனக்கென்னவோ இந்தக் கதையில் மிகப் பெரிய சூதாட்டம் இதுதான் என்று தோன்றுகிறது.

இனி நம் சப்ஜெக்டுக்கு வருவோம். முதல் சிப்பின் மனசு 6502 பிராசசர். நம் லேபில் படிக்கிற 8085-இல் 6,500 டிரான்சிஸ்டர், 6502-இல் சுமார் 3,500தான். சின்ன சிப், குறைந்த செலவு. ஓடும் வேகம் 1.79 மெகா ஹெர்ட்ஸ். "அய்யோ, நம்ம 8085 கிட்டே 3 மெகா ஹெர்ட்ஸ் ஓடுதே!" என்று சிரிக்காதீர்கள். ஓர் எண்ணை அக்குமுலேட்டரில் நேராகப் போட 8085-க்கு 7 டி-ஸ்டேட் ஆகும், அதாவது சுமார் 2.3 மைக்ரோ செகண்ட். அதே வேலையை 6502 இரண்டே கிளாக்கில், 1.1 மைக்ரோ செகண்டில் முடித்துவிடும். மெகா ஹெர்ட்ஸை மட்டும் பார்த்து மார்க் போடக் கூடாது. மிச்சமான இடத்தில் ஒலி எழுப்பும் சர்க்யூட்டையும் அதே சிப்புக்குள் வைத்துவிட்டார்கள், ஐந்து சேனல்! 6502-இன் டெசிமல் கூட்டல் வசதி மட்டும் இந்தச் சிப்பில் வேலை செய்யாது.

இரண்டாவது சிப் படம் காட்டுவதற்கு. இங்கேதான் சிக்கனத்தின் உச்சம். திரையில் 256 × 240 புள்ளிகள், மொத்தம் 61,440. ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு நிறத்தில் ஒன்று என்று வைத்தால் புள்ளிக்கு 2 பிட், ஆக 15,360 பைட் வேண்டும். பெட்டியில் படத்துக்காக வைத்த ராம் எவ்வளவு தெரியுமா? 2 கே.பி.! பிராசசருக்கும் தனியாக 2 கே.பி. அவ்வளவுதான். அந்த நாளில் ராம் விலை அப்படி.

வழி என்ன? திரையை 8 × 8 புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்தார்கள், தரையில் டைல்ஸ் ஒட்டுகிற மாதிரி. குறுக்கே 32, நெடுக்கே 30, ஆக 960 சதுரம். டைல்களின் உருவங்கள் கேசட்டில் உள்ள ராமில் அல்ல, ரோமில் இருக்கும். ராமில் எழுதுவது "இந்த இடத்தில் 36-ஆம் நம்பர் டைல்" என்ற எண் மட்டுமே, சதுரத்துக்கு ஒரு பைட். நிறம் சொல்ல இன்னும் 64 பைட். 960 + 64 = 1,024. ஒரு முழுத் திரையும் 1 கே.பி.யில் அடங்கிவிட்டது! கூட்டிப் பாருங்க, ஒரு பைட்கூட வீண் இல்லை.

ஓடுகிற, குதிக்கிற உருவங்கள் மட்டும் வேறு கணக்கு. அவை 'ஸ்பிரைட்'. மொத்தம் 64 வைக்கலாம், ஆனால் ஒரு படுக்கைக் கோட்டில் 8தான் தெரியும். ஒன்பதாவது வந்தால் மறைந்துவிடும். எல்லாமே மாறி மாறியாவது தெரியட்டும் என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக் மினுக் என்று மின்னுவது அதனால்தான், டி.வி. கோளாறு இல்லை.

மிச்சம் பிடித்ததில் சில கையைச் சுட்டன. கனெக்டர் செலவை மிச்சம் பிடிக்க இரண்டு கன்ட்ரோலர்களின் ஒயரையும் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாக இணைத்திருந்தார்கள். முதலில் வந்த சதுர ரப்பர் பட்டன்கள் அழுத்தினால் சிக்கிக்கொண்டன. ஒரு பட்டனுக்காகப் பெட்டியையே திறக்க வேண்டிய நிலை. பிறகு வட்ட பிளாஸ்டிக் பட்டனுக்கு மாறினார்கள். அதைவிடப் பெரிய அடி, சிப்பில் இருந்த பிழை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அப்படியே நின்றுபோனது. விற்பனை சூடு பிடித்திருந்த நேரத்தில் விற்ற பெட்டிகளைத் திரும்ப வாங்கி, புது போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விற்றிருந்தால் அந்த வருடம் லாபம் வந்திருக்கும், அடுத்த வருடம் பெயர் போயிருக்கும்.

பெட்டி மலிவு. அப்படியானால் பிற்பாடு வந்த பெரிய விளையாட்டுகள் எப்படி ஓடின? செலவைக் கேசட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்! பிராசசர் ஒரே சமயத்தில் கேசட்டில் சாதாரணமாகப் பார்க்க முடிவது 32 கே.பி. முதல் நாளில் வந்த மூன்று விளையாட்டுகளில் ஒன்றான 'டாங்கி காங்'கில் ஆர்கேட் இயந்திரத்தில் இருந்த நான்கு கட்டங்களில் ஒன்று இல்லை. 1985-இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கே.பி., புரோகிராம் 32, படம் 8. மேலே மேகமும் கீழே புதரும் ஒரே டைல்கள்தான், நிறம் மட்டும் மாற்றம்! அதற்குப் பிறகு கேசட்டுக்குள்ளேயே ஒரு சிப் வைத்து ரோமைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்ட ஆரம்பித்தார்கள். பாட்டரியோடு ராம் வைத்து ஆட்டத்தைச் சேமிக்கவும் வழி செய்தார்கள். பழைய பெட்டியில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் புது வித்தைகள் வந்துகொண்டே இருந்தன.

1985 அக்டோபரில் நியூயார்க்கில் இறக்கியபோது வேறு தலைவலி. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டதால் கடைக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே ஓடினார்கள். அதனால் வி.சி.ஆர். மாதிரி முன்பக்கம் கேசட் போடும் உருவம், கூடவே ஒரு குட்டி ரோபோ! அந்த முன்பக்கச் செருகலின் 72 பின் கனெக்டர் நாளடைவில் தளர்ந்து சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. பெட்டியிலும் கேசட்டிலும் இருந்த காவல் சிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியாவிட்டால் நொடிக்கு ஒரு முறை ரீசெட் ஆகும். பிள்ளைகள் கேசட்டை வாயால் ஊதினார்கள். ஊதினால் எச்சில் ஈரம்தான் பின்னில் படும், துருதான் மிச்சம். 1993-இல் மேலே செருகும் புது மாடல் வந்தது, விலை 49.99 டாலர், காவல் சிப்பும் இல்லை.

ஜப்பானில் உற்பத்தி நின்றது 2003-இல். அதற்குள் உலகம் முழுவதும் 6 கோடியே 19 இலட்சம் பெட்டிகள் விற்றிருந்தன. நம் ஊரில் 'டி.வி. கேம்' என்று புழங்கிய நகல் பெட்டிகள் இந்தக் கணக்கில் வராது. அவை தைவான் போன்ற இடங்களில் இதே சர்க்யூட்டைப் பார்த்துச் செய்த சிப்புகளால் ஆனவை. கெட்டுப்போன டி.வி. கேம் ஒன்று பரண் மேல் கிடந்தால் இறக்கித் திருகைக் கழற்றிப் பாருங்கள். கேசட் செருகுமிடத்தில் பின்களை எண்ணினால் 60 வரும், அசல் ஃபேமிகாமில் இருந்த அதே 60. பிற்பாடு வந்த பெட்டியென்றால் போர்டின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். பிராசசர், படச் சிப், அந்த இரண்டு 2 கே.பி. ராம் எல்லாம் அந்த ஒரு பொட்டுக்குள்தான்.