உத்தியோகத்தை நிறுத்திவிட்டுச் சட்டமன்றத்தில் ஒரு வருடம்



சென்ற தைப்பொங்கல் ஒன்றுகூடலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அண்ணர் சொன்ன செய்தியே இக்கட்டுரைக்குக் காரணம். அவர் பொறியியலாளர். வயது நாற்பதுக்குக் கிட்ட. இங்கு வந்து படித்து, பிரஜாவுரிமையும் எடுத்து, நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்.

“தம்பி, ஒரு வருசம் வேலையை நிப்பாட்டிப்போட்டு வாஷிங்டனுக்குப் போகப் பாக்கிறன். கொங்கிரஸ் உறுப்பினர் ஒருத்தற்றை கந்தோரிலை இருக்க விண்ணப்பம் போட்டிருக்கிறன்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எமது ஊரில் வேலை இல்லாதவர்கள்தான் எம்.பி.யின் வாசலில் போய் நிற்பார்கள். இருக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கே போகிற ஆளை நான் கண்டதில்லை. அன்று மாலை முழுவதும் அவரைக் கேள்வி கேட்டுக் களைக்கச் செய்தேன். அவர் சொன்னவற்றையும், பின்னர் நூலகத்தில் இருந்து தேடி அறிந்தவற்றையும் இங்கே தருகிறேன். நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெலோஷிப் என்றால் என்ன?

அமெரிக்க கொங்கிரசில் பிரதிநிதிகள் சபைக்கு 435 பேர், செனற் சபைக்கு 100 பேர். சுகாதாரம், நீர், அணுசக்தி, விவசாயம், வேலையிடம் என்று எல்லாவற்றுக்கும் இவர்களே சட்டம் இயற்றவேண்டும். எல்லாம் தெரிந்த மனிதர் உலகில் இல்லை. ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் உதவியாளர்களை வைத்திருக்கிறார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் 18 நிரந்தர ஊழியர்களை வைத்திருக்கலாம். அவர்களில் பெரும்பாலானோர் இளம் வயதினர். சட்டமும் அரசியலும் படித்திருப்பார்கள். ஆஸ்பத்திரியிலோ ஆய்வுகூடத்திலோ வேலை செய்த அனுபவம் இராது.

இந்தக் குறையை நிரப்பவே பெலோஷிப் முறை வந்தது. ஒரு துறையில் பல வருடம் பழகியவர் ஒரு வருடத்துக்கு உறுப்பினரின் அலுவலகத்திலோ ஒரு குழுவின் அலுவலகத்திலோ வேலை செய்வார். பொதுவாக அவருடைய செலவை அந்த அலுவலகம் கொடுப்பதில்லை. அனுப்பிய சங்கமோ நிதியமோ கொடுக்கும். சில வாரப் பயிற்சிக்குப் பின் அவரே பல அலுவலகங்களுக்குப் போய் நேர்முகம் கொடுத்து, தனக்குப் பொருந்திய இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு விசாரணைக் கூட்டங்களுக்குக் கேள்வி தயாரிப்பார், சட்டமூலங்களை வாசித்துக் குறிப்பு எழுதுவார், பொதுமக்களைச் சந்திப்பார்.

அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கம் 1953இல் இதைத் தொடங்கியது. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1973இல் 7 விஞ்ஞானிகளோடு தனது திட்டத்தை ஆரம்பித்தது. அதே 1973இல் றொபேட் வூட் ஜோன்சன் நிதியம் வைத்தியத் துறையின் நடுவயது அனுபவசாலிகளுக்காக ஒன்றைத் தொடங்கியது. கொங்கிரஸ் 1972இல் தனக்கென்று அமைத்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1995இல் பணம் ஒதுக்கப்படாமல் மூடப்பட்டது. அதன் பின் இப்படி வருபவர்களின் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை.

எமது மாநிலத்தில் ஓர் உதாரணம்

றஷ் ஹோல்ட் என்பவர் பௌதிக விஞ்ஞானி. கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். 1982-83இல் பெலோஷிப்பில் பென்சில்வேனியாவின் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்துக்குப் போனார். பின்னர் 1998இல் நாம் வாழும் நியூ ஜேர்சியில் தானே தேர்தலில் வென்று, 2015 தொடக்கம் வரை பிரதிநிதியாக இருந்தார்.

இன்னொருவர் டிக் செய்னி. பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1968இல் பெலோஷிப்பில் வந்து, விஸ்கொன்சின் பிரதிநிதி வில்லியம் ஸ்ரைகரின் அலுவலகத்தில் சேர்ந்தார். 2001 முதல் 2009 வரை உப ஜனாதிபதியாக இருந்தவரும் இவரே.

ஸ்ரைகர் என்ற பெயரை அண்ணர் சொன்னதும், “உங்கடை பாக்டரிச் சுவரிலை இருக்கிற சட்டம் அவற்றை பேரிலைதான்” என்றார். உண்மைதான். 1970 டிசம்பர் 29ஆம் திகதி கையொப்பமான வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு வில்லியம்ஸ்-ஸ்ரைகர் சட்டம் என்றும் பெயர். வில்லியம்ஸ் நியூ ஜேர்சியின் செனற்றர். அந்தச் சட்டத்தை நடத்தும் திணைக்களமே ஓஷா.

நான் ஏன் இதை எழுதுகிறேன்

மூன்று வருடங்களுக்கு முன் நான் வேலை செய்யும் இடத்தில், பெல்ற் ஓடும் உருளையின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டார்கள். மூடி இருந்தால் கழுவ நேரம் பிடிக்கிறதாம். ஓர் இரவு எனக்குப் பக்கத்தில் நின்ற, ஸ்பானிய மொழி பேசும் ஓர் அம்மாவின் இரண்டு விரல்கள் அதில் அகப்பட்டன. மூடி இருந்ததா என்று மேற்பார்வையாளர் என்னைக் கேட்டார். “கவனிக்கவில்லை” என்றேன். எனது அகதி வழக்கு அப்போது முடியவில்லை. வாய் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த அம்மா பிறகு வேலைக்கு வரவில்லை.

இதை இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று அண்ணருக்குச் சொன்னேன். எங்களைப் போன்றவர்களுக்கும் இந்தப் பெலோஷிப் உண்டா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. விஞ்ஞானிகளின் திட்டத்துக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை வேண்டும். கலாநிதிப் பட்டம் வேண்டும், பொறியியலாளர் என்றால் முதுகலைப் பட்டமும் சில வருட அனுபவமும் போதும்.

“அங்கை டொக்டர் இருப்பார், எஞ்சினியர் இருப்பார். பெல்ற்றுக்குப் பக்கத்திலை நிண்டவன் இருக்கமாட்டான். நீங்கள் சொல்லாட்டி அவைக்கு ஆர் சொல்லுறது?” என்றார்.

எமக்குத் திறந்திருக்கும் கதவுகள்

புதிதாக வந்த குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு பிரதிநிதிக்கும் தொகுதியிலேயே ஓர் அலுவலகம் உண்டு. வாக்குரிமை இல்லாதவரும் அத்தொகுதியில் குடியிருந்தால் அங்கே போய் உதவி கேட்கலாம். ஏதேனும் அரசாங்கத் திணைக்களத்தில் உங்கள் கோவை தேங்கிக் கிடந்தால் அவர்கள் விசாரிப்பார்கள். அதற்கு நீங்கள் ஓர் அனுமதிப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். தீர்ப்பை மாற்ற அவர்களால் இயலாது. பதிலைப் பெற்றுத்தர இயலும்.

வேலையிட ஆபத்துக்கு ஓஷாவிடம் நேராக முறையிடலாம். உங்கள் பெயரை முதலாளிக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்கலாம். குடிவரவு நிலை எதுவானாலும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முறையிட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் 30 நாட்களுக்குள் அதையும் அறிவிக்கவேண்டும். 30 நாள் கடந்தால் அந்த உரிமை போய்விடலாம், இதை மறவாதீர்கள்.

இந்தப் பங்குனியில் அதே மூடி மறுபடியும் கழன்றது. மருமகளைப் பக்கத்தில் இருத்தி முறைப்பாடு எழுதினேன். அதன் பிரதி ஒன்றைப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஓஷாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மூடி எத்தனை நாளாக இல்லை என்று கேட்டார். “பதினொரு நாள்” என்றேன். இப்போது மூடி ஆணியடித்தபடி இருக்கிறது.

அண்ணருக்கு இடம் கிடைத்ததா என்பது இன்னும் தெரியவரவில்லை. கிடைக்கவேண்டும் என்று விரும்புகிறேன். எமது பிள்ளைகளில் வைத்தியம், பொறியியல், தாதியியல் படிப்போர் இப்படி ஒரு பாதை உண்டென்று இப்போதே அறிந்திருக்கட்டும். அவர்கள் அந்த மேசைக்குப் போய்ச் சேரும்வரை, அந்த மேசைக்குக் கடிதம் எழுதுவது எமது வேலை.