ஓவியருக்கு உதவும் புரொஜெக்டர்

ஏர்பிரஷ் என்பது பேனா போன்ற ஒரு வண்ணத் தெளிப்பான். அதன் முனையில் அழுத்தப்பட்ட காற்று விரைந்து பாயும்போது, வண்ணம் உறிஞ்சப்பட்டு நுண்துளிகளாகச் சிதறிக் கான்வாஸ் மீது படிகிறது. மென்மையான நிழல்களைத் தீட்ட இது மிகவும் ஏற்றது. ஆனால் கூர்மையான விளிம்பு இதற்குத் தானாக வராது. வண்ணம் படக்கூடாத இடங்களைத் தாள் வெட்டி மறைத்த பிறகே தெளிக்க வேண்டும். தாளை வெட்ட, முதலில் கோட்டுருவம் வேண்டும். கோட்டில் பிழையிருந்தால், நாலைந்து அடுக்கு வண்ணம் ஏறிய பிறகுதான் அது கண்ணில் படும். அப்போது திருத்துவது கடினம்.

அமெரிக்க ஓவியர் சக் குளோஸ், 1967-68இல் தம் முகத்தை ஏறத்தாழ 9 அடி உயரத்தில் ஏர்பிரஷால் தீட்டினார். புகைப்படத்தில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக அதைப் பெரிதாக்கினார். ஆட்ரி ஃபிளாக் என்ற ஓவியர், 1969-70இல் ஒரு குடும்பப் படத்துக்காகச் சிலைடு புரொஜெக்டரைக் கையாண்டு, பிம்பத்தை நேரே கான்வாஸ் மீது வீழ்த்தினார். சிலைடு இல்லாமல், தாளில் அச்சான படத்தையே வீழ்த்தும் புரொஜெக்டரும் உண்டு. அதில்தான் இயற்பியல் மாணவருக்கு வேலை அதிகம்.

10 செ.மீ. அகலமுள்ள படத்தை 1 மீட்டராகப் பெரிதாக்க விரும்புகிறோம் எனக் கொள்வோம். உருப்பெருக்கம் 10. குவி லென்ஸின் குவியத்தூரம் 20 செ.மீ. எனில், படம் லென்ஸிலிருந்து 22 செ.மீ. தொலைவிலும், கான்வாஸ் 220 செ.மீ. தொலைவிலும் இருக்க வேண்டும். லென்ஸ் சமன்பாட்டில் இட்டுச் சரிபாருங்கள்.

இனி ஒளியைக் கவனிப்போம். அகலம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்காகும். ஆகவே ஒளிச்செறிவு நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அது மட்டுமா? தாள் தன் மீது விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. லென்ஸின் விட்டம் 5 செ.மீ. எனில், அதற்குள் நுழைவது ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கே. இரண்டையும் பெருக்கினால், கான்வாஸில் கிடைப்பது எண்ணாயிரத்தில் ஒரு பங்கு! இதனால்தான் இக்கருவிக்கு இருட்டறையும் வலிமையான விளக்கும் தேவைப்படுகின்றன. அத்தகைய விளக்கின் சூட்டில் படம் சுருளாதிருக்க, உள்ளே ஒரு மின்விசிறியும் வேண்டியிருந்தது. சிலைடில் இந்த இழப்பு குறைவு. ஒளி பின்னாலிருந்து வருவதால், குவிப்பு லென்ஸ்கள் அதைச் சிலைடின் வழியே முன்லென்ஸுக்குள் செலுத்திவிடுகின்றன.

தாள் படத்தில் இடவல மாற்றமும் நேரும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். கருவிக்குள் ஒரு சமதள ஆடியை வைத்து இதைச் சரிசெய்கிறார்கள். சிலைடு என்றால் அதையே திருப்பிப் போட்டால் போதும்.

ஓவியரை அதிகம் ஏமாற்றுவது கருவியின் சாய்வு. புரொஜெக்டரைத் தாழ வைத்து அண்ணாந்து பார்க்கச் செய்தால், கான்வாஸின் மேற்பகுதி அதிகத் தொலைவாகி, அங்கே பிம்பம் அகன்றுவிடும். செவ்வகம் சரிவகமாகும், நெற்றி பெருத்து முகவாய் ஒடுங்கும். இதைக் கண்டறிய, படத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து, அதன் பிம்பத்தை அளக்க வேண்டும். மூலைவிட்டங்களை மட்டும் அளந்து திருப்தியடைய வேண்டாம். பக்கங்கள் இரண்டும் சமமான சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமே! மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அளந்து ஒப்பிடுங்கள். இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டர்கள் பலவற்றில் இதைத் திருத்தும் வசதி உண்டு. ஆயினும், கருவியை நேராக வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

புரொஜெக்டரின் உதவியை ஏமாற்று வேலை என்று சொல்வோரும் உண்டு. ஆனால் அது தருவது கோட்டின் இடத்தை மட்டுமே. வண்ணத் தேர்வில் அது உதவுவதில்லை, குழப்பவே செய்கிறது. நீல ஒளி விழும் இடத்தில் மஞ்சள் வண்ணத்தைத் தெளித்தால், மஞ்சள் நீலத்தை உட்கவர்ந்துகொண்டு கறுப்பாகத் தெரியும். தெளிப்பவரின் கையும் நிழலாகக் குறுக்கே விழும். அதனால் பென்சில் கோடுகள் முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்து, அறை விளக்கைப் போட்டுக்கொண்ட பிறகே ஏர்பிரஷைக் கையில் எடுப்பது வசதி.