வெறுமையை அறியும் வானொலி

தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் விமானப் போக்குவரத்துக்கும் அரசாங்கங்கள் அலைக்கற்றையைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டபடியால், புதிதாக வருகிறவர்களுக்கு இடமே இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிவந்தது. ஆயினும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் குழு ஒன்று 2002-இல் அளித்த அறிக்கை, பஞ்சம் அலைகளில் இருப்பதைவிட அவற்றை அடையும் விதிகளிலேயே அதிகம் என்று கூறியது. அதற்கு முன்பே, 1999-இல், ஜோசப் மிட்டோலா என்ற பொறியியலாளர் ஜெரால்டு மக்வைருடன் எழுதிய கட்டுரையில், தன் சூழ்நிலையைத் தானே உணர்ந்து நடந்துகொள்ளும் வானொலிக் கருவியை வர்ணித்திருந்தார். உரிமையாளர் மௌனமாயிருக்கும்போது அவருடைய அலைவரிசையில் பேசி, அவர் வந்ததும் விலகிவிடுவது இந்த அறிவார்ந்த வானொலியின் தர்மமாயிற்று.

அந்த மௌனத்தை எப்படி நிச்சயிப்பது? ஆளில்லாத அலைவரிசையிலும் இரைச்சல் ஓயாது ஒலிப்பதால், கருவி செய்யக்கூடியதெல்லாம் அனுமானமே. உரிமையாளரைக் கவனியாமல் அவருக்கு இடையூறு செய்யும் பிழையைக் குறைக்க முயன்றால், வெறும் இரைச்சலைக் கண்டு அஞ்சி விலகும் பிழை பெருகுகிறது. நீண்ட நேரம் கேட்டால் இரண்டையும் குறைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சமிக்ஞை பத்தில் ஒரு பங்காக மெலிந்தால், கேட்கவேண்டிய காலம் நூறு மடங்காகிறது. அதுவும் இரைச்சலின் அளவைத் துல்லியமாக அறிந்திருந்தால் மட்டுமே. பெர்க்கிலியைச் சேர்ந்த ராகுல் தந்த்ராவும் அனந்த் சகாயும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கேதான் என்னைப் பிரமிக்க வைக்கிறது. சக்தியை மட்டும் அளக்கும் கருவி, இரைச்சலைப் பற்றிய மதிப்பீட்டில் ஒரே ஒரு டெசிபெல் கூடவோ குறையவோ பிசகக்கூடுமானால், இரைச்சலில் பாதிக்கும் சற்றுக் குறைந்த சமிக்ஞையை எத்தனை காலம் காத்திருந்தாலும் நம்பகமாகக் கண்டுகொள்ள இயலாது! பொறுமையால் கடக்க முடியாத அந்தச் சுவரை, சமிக்ஞையில் திரும்பத் திரும்ப வரும் தாளத்தைத் தேடும் முறைகள் பின்னுக்குத் தள்ளுகின்றனவேயன்றித் தகர்த்துவிடுவதில்லை.



தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பொறுத்தவரை, ஆணையம் 2010-இல் எந்த இடத்தில் எந்த அலைவரிசை காலியென்று கூறும் இடத்தகவல் பட்டியலை நம்பும் கருவிகளுக்கு, கேட்டறியும் கடமையை நீக்கிவிட்டது. கோபுரங்கள் இடம் பெயராதவையாதலால் அது விவேகமான முடிவே. கடற்படைக் கப்பலின் ரேடாரை அவ்வாறு பட்டியலில் எழுதிவைக்க முடியுமா? ஆகவேதான் 3550 மெகாஹெர்ட்ஸ் முதலான அலைகளை 2015-இல் பொதுவில் திறந்தபோது, கடற்கரையோரம் செவிசாய்க்கும் உணர்கருவிகளுக்கு விதிகளில் இடம் தரப்பட்டது. அவை ரேடாரைக் கண்டு அறிவித்தால், அங்குள்ள மற்றவர்கள் 300 விநாடிகளுக்குள் அந்த அலைவரிசையை விட்டு நீங்கியாக வேண்டும்.